திறந்த கை

கூட்டல் குறி போல ஒரு பலகை.
தரையிலிருந்து ஐம்பது சென்டிமீட்டர் உயரம்.
இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு,
இரண்டுக்கு இல்லை.
நடுவில் சுண்டெலியை விட்டுவிட்டு
நான் வெளியேற வேண்டும்.
ஐந்து நிமிடம்.
கேமரா பார்த்துக்கொள்ளும்.

பயந்த எலி சுவருக்குள் ஒண்டும்.
பயம் குறைந்தது வெளிக்கையில் நடக்கும்,
விளிம்பில் மூக்கை நீட்டிக் கீழே பார்க்கும்.
பதற்றத்தை நொடிக்கணக்கில் அளப்பது இப்படித்தான்.
போட்ட புழுக்கைகளையும் எண்ணுவோம்.
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.
தூக்கும்போது கையுறைக்குள் தெரியும்
அந்த நெஞ்சுத் துடிப்புக்குக் கட்டம் இல்லை.
துடிப்பு என்றுகூடச் சொல்ல முடியாது,
அழைப்பு வந்த கைப்பேசி போல
ஓர் அதிர்வு.

மருந்து, கஞ்சாச் செடியின் ஒரு கூறு.
போதை தராத கூறு என்பதை
யாரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
இந்தத் தீவில் அந்தச் செடியின் பெயரைக்
குரல் தாழ்த்தாமல் உச்சரிக்க
எனக்கு ஏழு மாதம் பிடித்தது.
இரும்புப் பெட்டிக்குள் இன்னொரு பெட்டி.
ஒரு சாவி என்னிடம், ஒன்று ரொஹாயாவிடம்.
இருவரும் வந்தால்தான் திறக்கும்.
இருவரும் கையெழுத்திட்டால்தான்
அன்றைய நாள் முடியும்.

பிப்ரவரியில் ஒருநாள் தராசு
பூஜ்யம் புள்ளி மூன்று மில்லிகிராம்
குறைத்துக் காட்டியது.
ஓர் எறும்பின் தலை அளவு இருக்கலாம்.
ரொஹாயா பேனாவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.
எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.
கையுறையைக் கழற்றி, மாட்டி,
மறுபடி கழற்றி,
தூரிகையால் தட்டைத் துடைத்து,
குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு நிறுத்துப் பார்த்தோம்.
சரியாக இருந்தது.
காற்றுதான்.
ரொஹாயா சிரித்தாள், பிறகு கழிவறைக்கு ஓடினாள்.
பதற்றம் தணிக்கும் மருந்து
எங்களிடம் இதுவரை காட்டிய வேலை அதுதான்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் சொல்வார்கள்,
"அக்கா, நாமும் இந்த எலிகள்தானே."
வீவக நடைவழியை உதாரணம் காட்டுவார்கள்,
காலை எட்டு மணி ரயிலைக் காட்டுவார்கள்.
எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.
எலி வளையானாலும் தனி வளை என்று
பொங்கோலில் எட்டாவது மாடியில்
கடன் போட்டு வீடு வாங்கினவள் நான்.
வெள்ளிக்கிழமை வந்தால் என்னை யாரும்
கரியமிலவாயுப் பெட்டிக்குள் வைப்பதில்லை.
எலி எலிதான்.

பதினேழாம் எண்.
இடது காதில் வெட்டு.
வைத்த கையோடு சுவரில்லாத பக்கம் நடந்தது.
நுனியில் பின்னங்காலில் எழுந்து நின்றது.
கீழே பார்த்தது.
கேமராவைப் பார்த்தது.
முகம் கழுவிக்கொண்டது,
பேருந்துக்கு இன்னும் நேரமிருப்பது போல.
ஐந்து நிமிடத்தில் நான்கு நிமிடம் அங்கேயே.
டாக்டர் சுவா திரையைத் தட்டினார்:
"வேலை செய்கிறது, பார்."
அன்று மாலை புவன விஸ்தாவில்
குடையை விரிக்காமலே நடந்தேன்,
நானே எதையோ ஜெயித்த மாதிரி.

மார்ச் கடைசியில் குறியீட்டைப் பிரித்தோம்.
எந்த எலிக்கு எது என்று
அதுவரை எங்களுக்கும் தெரியாது.
பதினேழுக்குப் போனது மருந்தில்லாத ஊசி.
மருந்தைக் கரைக்க வைத்திருந்த
வெறும் நல்லெண்ணெய்.

டாக்டர் சுவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
சராசரி என்னவோ சரியாகத்தான் வந்தது.
மருந்து வாங்கிய கூட்டத்துக்குக் கூடுதல் நொடிகள்,
வரைபடத்தில் ஒரு நட்சத்திரக்குறி,
கட்டுரைக்கு அது போதும்.
பதினேழை விலகல் என்று
அடிக்குறிப்பில் இறக்கினோம்.
அது போய் அதற்குள்
நான்கு வெள்ளிக்கிழமை ஆகியிருந்தது.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு
பலகையின் முன் மண்டியிட்டேன்.
வெளிக்கை நுனியில் முகவாயை வைத்து
அது பார்த்த இடத்தைப் பார்த்தேன்.
தரை.
சாம்பல் நிற வினைல்.
மேசைக் காலை ஒட்டி,
பிப்ரவரியிலிருந்து ரொஹாயா தேடும்
நீலப் பேனா மூடி.